ரோடு மூடும் தேதி

“மூணாவது தடவையா தேதி மாத்தறீங்க. நீங்க ரோடு போடறீங்களா, இல்லை எங்களை வெச்சு விளையாட்டுக் காட்டறீங்களா?”

கீதா எழுந்து நின்றதுமே, பின்வரிசைக்காரர்கள் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தம்மாள் வாயைத் திறந்தால் போனில் பார்ப்பதைவிட நன்றாக இருக்கும்.

அன்னூரை ஒட்டிய அந்தக் குடியிருப்புக்கு முன்னால் புதுச் சுங்கச்சாலை வருகிறது. உள்ளே வந்துபோக இருக்கும் ஒரே தார் ரோட்டை வெட்டி, அடியில் சுரங்கப்பாதை கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை எல்லோரும் குளத்துக்கரை மண் ரோட்டில்தான் சுற்றிப் போக வேண்டும்.

என்றைக்கு மூடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சொல்வதற்கென்றே கம்பெனி ஒரு பெண்ணை வைத்திருந்தது. பெயர் மோகனப்பிரியா. குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“டெக்னிக்கல் காரணம்ங்கம்மா.”

“அப்படின்னா?”

“அந்தப் பக்கத்து வேலையை முதல்ல எடுத்துக்கறாங்க. இந்தப் பக்கம் அப்புறம்.”

“அப்புறம்னா எப்ப? காலண்டர்ல அப்புறம்னு ஒரு கிழமை இருக்குதா?”

கட்டடம் சிரித்தது. மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

சங்கத் தலைவர் திருமூர்த்திக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. “ஏனுங்க, ஸ்கூல் வேன்காரனை மெயின் ரோட்டுலயே நிக்கச் சொல்லிப்போட்டோம். அப்புறம் உள்ள வரச் சொன்னோம். இப்ப மறுபடியும் போயி என்னன்னு சொல்றது? எங்களைப் பைத்தியக்காரனுங்கம்பான்.”

“என் பையன் நிச்சயத்தை வீட்டுல வெக்கறதா இருந்தோம். ரோடு மூடறாங்கன்னு நம்பி காந்திபுரத்துல ஹால் பிடிச்சுட்டேன்” என்றாள் ரம்லா. “இப்ப ரோடு பளபளன்னு திறந்து கெடக்குது.”

“மன்னிச்சுக்குங்க” என்றாள் மோகனப்பிரியா.

“மன்னிப்பை வெச்சு நாங்க என்ன பண்றது?” கீதா விடவில்லை. “படிச்ச பொண்ணுதானே நீ? ஒரு தேதி சொன்னா அதுல நிக்கத் தெரிய வேண்டாமா? மைக்கைப் பிடிச்சு வணக்கம் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?”

இதற்குமேல் சகாயத்தால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உரக்கப் பேசியே பழக்கமில்லாத மனிதர்.

“கீதாம்மா, போதுங்க. உங்க பொண்ணு வயசுதான் இருக்கும் அவங்களுக்கு. அவங்களா ரோடு போடறாங்க? மேல இருக்கறவங்க சொல்றதை வந்து சொல்றாங்க.”

“மேல இருக்கறவங்களை வரச் சொல்லுங்க சார், அவங்களைக் கேக்கறேன். வர்றது இவதானே? வந்தவளைத்தான் கேக்க முடியும்.”

“அக்கா சொல்றதும் சரிதானுங்க” என்றார் திருமூர்த்தி. “கம்பெனிக்குப் புகார் எழுதிப்போடலாம். இந்தப் பொண்ணை மாத்திப்போட்டு, வெவரமான ஆளா ஒருத்தரை அனுப்பச் சொல்லலாம்.”

நாலைந்து தலைகள் ஆடின. அதுவரை குனிந்திருந்த மோகனப்பிரியா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

கீதா புடவைத் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“புகாரெல்லாம் வேண்டாங்க. இவளை மாத்திட்டா, ஞாயித்துக்கிழமை நான் யாரைத் திட்டறது?”

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு புகாரும் கலைந்துபோனது. கூட்டமும் கலைந்தது.

சகாயம் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து மோகனப்பிரியாவிடம் நீட்டினார். “மனசுல வெச்சுக்காதீங்க. ஊருக்கெல்லாம் டோல்கேட் வருது. அந்தம்மா வாய்க்கு மட்டும் ஒண்ணு வர மாட்டேங்குது.”

“பரவாயில்லைங்க சார்.”

“இல்ல, இன்னைக்கு ரொம்ப ஓவர். உங்களைப் பெத்தவங்க பார்த்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்க?”

அவள் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கீதா நின்றிருந்தாள்.

கடைசி ஆளும் தெரு திரும்பும்வரை கீதா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீதாவின் குரல் வேறு ஆளின் குரல் போல இறங்கியது.

“ரொம்பத் திட்டிப்போட்டனா கண்ணு?”

“இல்லீங்கம்மா. உங்க பொண்ணு அக்ஷயா எப்படி இருக்காங்க?”

“படுத்தே கெடக்கறா. எப்ப வலி வந்தாலும் அலுங்காமக் கொண்டுட்டு வரோணும்னு சொல்லிப்போட்டாங்க டாக்டர். அந்தக் கொளத்துக்கரைக் குண்டுகுழியில காரை எறக்குனா…” கீதா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “முன்னால அவ உண்டாயிருந்த ரெண்டு தடவையும் ஊரையே கூப்பிட்டுக் கட்டுச்சோறு விருந்து வெச்சோம். ரெண்டும் தங்கலை. அதனாலதான் இந்தத் தடவை அவ மாசமா இருக்கறதையும் சொல்லலை, இங்க ஊட்டுல இருக்கறதையும் சொல்லலை. கேட்டா பெங்களூருன்னு சொல்லிட்டுத் திரியறேன். உங்கிட்ட ஒருத்திகிட்டத்தான் வாயை விட்டேன்.”

“இன்ஜினியர் சார்கிட்டப் பேசிட்டேங்கம்மா. குழந்தை பொறக்கற வரைக்கும் இந்தப் பக்கம் ஜேசிபி வராது.”

“இருந்தாலும் எனக்காக இத்தனை பேர்கிட்டயும் நீ பேச்சு வாங்கறே. அதுல நானும் சேர்ந்துட்டு… அடுத்த வாரம் ஓரமா உக்காந்துக்கறேன். வாயே திறக்கலை.”

மோகனப்பிரியா பதறிப்போய், மாட்டப்போன ஹெல்மெட்டைக் கீழே இறக்கினாள்.

“அப்படி மட்டும் செஞ்சுபோடாதீங்கம்மா. வாரா வாரம் வந்து என்னைத் திட்டுங்க. நீங்க பேசாம உக்காந்தாத்தான், உங்க ஊட்டுல என்னவோ இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்.”