ஃப்ரிட்ஜில் இருந்த பேனா

"ஃப்ரிட்ஜுல ஊசி மருந்து இருக்குதே, யாருக்கு சம்மந்தி?"

கடலூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரத்துக்கு வந்து இறங்கிய சந்திரலேகா, மருமகளாகப் போகிற வெண்மதிக்கு வாங்கி வந்த மல்லிகைப் பூவை வைக்கத்தான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். இப்போது அவள் கையில் ஒரு நீலப் பேனா. எழுதுகிற பேனா அல்ல, இன்சுலின் பேனா.

வெண்மதி அப்பாவைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள். தாலி ஏறிய மறுவாரம் மாப்பிள்ளை சித்தார்த்தோடு ஜெர்மனிக்கு விமானம். அவனுக்கு அங்கே புது வேலை. இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். 'சுகர்னு வாயத் தொறந்தா சம்மந்தம் முறிஞ்சிடும்' என்று அப்பா ராஜவேல் போட்ட வாய்ப்பூட்டு இத்தனை நாள் தாங்கியிருந்தது.

"எ... எனக்குத்தாம்மா!" ராஜவேல் முந்திக்கொண்டார்.

"உங்களுக்கா? இப்பதான ரெண்டு ஜாங்கிரிய உள்ள தள்ளுனீங்க?"

"அதனாலதான் ஊசி!"

சந்திரலேகா சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பொண்ணப் பாக்க ஜெர்மனி போவீங்க. இத எதுல வெச்சி எடுத்துட்டுப் போவீங்க?"

"பெட்டியிலதான். வேட்டிக்கு நடுவுல சுருட்டி..."

"ஐயோ அப்பா! பெட்டி பிளேனுக்கு அடியில சரக்கோட போவும். குளுருல மருந்து ஒறஞ்சி வீணாப் போயிடும். கைப்பையிலதான் வெக்கணும்!"

சொன்ன பிறகுதான் வெண்மதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்திரலேகாவின் பார்வை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"ஏர்போர்ட்டுல ஊசியப் பாத்துட்டுப் புடிச்சி வெச்சிக்கிட்டா?"

"டாக்டர் லெட்டரக் காட்டணும் அத்த. மருந்துச் சீட்டும் வேணும். பாஸ்போர்ட்டுல இருக்கிற அதே பேரு அதுலயும் இருக்கணும்."

"பிளேன் லேட்டாயிட்டா?"

"தேவைக்கு ரெண்டு மடங்கு மருந்து கையில இருக்கணும். கிறுகிறுன்னு வந்தா வாயில போட குளுக்கோஸ்."

"அங்க மூணரை மணி நேரம் பின்னாலயாமே. எத்தினி மணிக்கு ஊசி போடறது?"

"டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கணும். நான் வாங்கிட்டேன்."

நான்.

ராஜவேல் கண்ணை மூடிக்கொண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அப்பாவுக்கு இல்ல அத்த. எனக்குத்தான். பதினாலு வயசுலேர்ந்து போட்டுக்கறேன். உங்ககிட்ட மறைச்சது தப்புதான். கல்யாணம் வேணாம்னா இப்பவே..."

சந்திரலேகா பேனாவைப் பத்திரமாக உள்ளே வைத்து ஃப்ரிட்ஜை மூடினாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. கைப்பையைத் துழாவி ஒரு நோட்டை வெளியே எடுத்தாள்.

"யாரும்மா வேணாம்னு சொன்னா? மொதல்லேர்ந்து மெதுவாச் சொல்லு கண்ணு, எழுதிக்கறேன். எம் புள்ள சித்தார்த்தும் ஆறு வருஷமா ஊசிதான் போட்டுக்கறான். அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் காலையில பஸ் ஏறி வந்தேன்!"