வால் இல்லாத பூ

“மத்த பூவுக்கெல்லாம் பின்னால வால் இருக்கே, இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் இல்ல?” என்று செங்கமலம் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. மலை உச்சியில் ரோடு போட வந்தவர்களின் மகள். அங்கே காசித்தும்பைகளை வகை பிரித்துக்கொண்டிருந்த தாவர ஆய்வாளர் பியூலா நிமிரக்கூட இல்லை. “உடைஞ்சிருக்கும், போ” என்றாள். பூவை அழுத்தி உலர்த்தும்போது அந்த மெல்லிய வால் முறிவது வழக்கம்; அதனால் இந்தப் பூவைப் பற்றி நூறு வருடமாக ஆய்வாளர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். மறுவாரம் பியூலா செடியிலிருந்த மொட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். எதிலும் வால் இல்லை. அது ஒரு புதிய இனம். ஆய்வுக் கட்டுரையில் ‘நான் கவனித்தேன்’ என்று எழுதினாள். பூவுக்குத் தன் பேராசிரியரின் பெயரை வைத்தாள். அதற்குள் ரோடு முடிந்து அந்தக் குடும்பம் எங்கோ போய்விட்டது. பிறகு விசாரித்தும் கிடைக்கவில்லை. ஜெபத்தில் செங்கமலத்தின் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. ஆனால் ஜெபத்தில் சொன்னது தாளில் இல்லையே.

பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெறும் நாளன்று, தன்னுடன் வேலை செய்யும் கோமதியிடம், “அந்தப் பூவோட பேர மாத்தணும்போல இருக்கு” என்றாள்.

“வச்ச பேர வச்சவங்களே மாத்த முடியாதுன்னு பாடம் எடுத்ததே நீங்கதான் மேடம். ரிட்டயர் ஆகறதுக்குள்ள மறந்தாச்சா?” என்று சிரித்துவிட்டு கோமதி டீ குடிக்கப் போனாள்.

உலர்ந்த செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாளின் ஓரத்தில், பின்னால் வரும் ஆய்வாளர்கள் திருத்தக் குறிப்பு ஒட்டுவதுண்டு. பியூலா அந்தப் பூவின் தாளை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டில், ‘இதற்கு வால் இல்லை என்று முதலில் கண்டவள் செங்கமலம், வயது எட்டு. நான் நம்பவில்லை’ என்று எழுதி ஒட்டினாள். பசை காயும்வரை விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு தாளை மற்றத் தாள்களுக்கு நடுவே வைத்து அலமாரியை மூடினாள்.