மைத்துனனின் கைராசி

"போதும். இதை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன். எனக்குக் கொடுத்துவைக்கலை, அவ்வளவுதான்."

சர்வேயர் சொல்லி வாய் மூடவில்லை, சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள் மனைவி.

சாப்பாட்டு மேஜை முழுக்க அவருடைய ராஜ்யம். நடுவில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய வீடியோ கேம் கருவி. சுற்றிலும் குட்டி ஸ்க்ரூக்கள் போட்ட டப்பா மூடி, சால்டரிங் கம்பி, லேப்டாப். எவரோ வேண்டாமென்று விற்ற அந்தக் கருவியை வாங்கிவந்து, அதற்குள் லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளை ஏற்றி, பள்ளிக்கூட நாளில் விளையாடிய விளையாட்டுகளை அதில் ஓடவைப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஓடவைப்பது என்பது பேச்சுக்கு. அது ஓடிய நாளைவிடப் படுத்த நாளே அதிகம். இப்போது ஒரு மாதமாக, இரவில் உயிர் வந்தாலும் மறுநாள் திரை கறுத்துப்போகிறது.

"என்னங்க இது, இவ்வளவு தூரம் வந்துட்டுக் கைவிடலாமா?"

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். லினக்ஸை மறுபடி மறுபடி ஏத்தியாச்சு. ராத்திரி நல்லா இருக்கு, மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தா செத்துக் கிடக்குது." பெருமூச்சு விட்டார். "சின்ன வயசுல அந்த விளையாட்டோட கடைசிக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை. போறதுக்குள்ள பெரியப்பா பையன் வெடுக்குனு பிடுங்கிட்டுப் போயிட்டான். அதை ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்னுதான்..."

ஊர் நிலத்தையெல்லாம் அளந்து, எல்லைச் சண்டைக்கு வந்தவர்களை அதட்டிக் கல் நட்ட மனிதர், ஒரு விளையாட்டுச் சாமானுக்காகக் கண்கலங்கி நின்றார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "பரணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மேஜை இப்படியே இருக்கட்டும். தட்டை மடியில வெச்சுச் சாப்பிட எனக்குப் பழகிடுச்சு."

சர்வேயர் உருகிப்போனார். "எங்க ஹெட் கிளார்க் ஆசையா ஒரு ரேடியோப் பெட்டி செஞ்சாரு. அவர் சம்சாரம் அதை எடைக்குப் போட்டுட்டாங்க. நீ என்னடான்னா..."

"அவங்கவங்க மனசு. இருங்க, தம்பிக்கு போன் போட்டு வரச்சொல்றேன்."

அவர் வாடிய முகத்தோடு ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, குளியலறையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"வந்துட்டான்" என்று மனைவி வாசலுக்குப் போனாள்.

அந்த வீட்டில் வாசல் மணியை அழுத்தினால் மணி அடிக்காது. குளியலறை விளக்குதான் எரியும். விருந்தாளி வரும் நாளில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

"என்னக்கா, இந்த மணியை இன்னும் சரி பண்ணலையா?" என்று கேட்டுக்கொண்டே தம்பி உள்ளே வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"சரி பண்ணினதுதான்டா இது" என்றாள் அக்கா.

தம்பி மேஜைமுன் உட்கார்ந்தான். "கொஞ்சம் தள்ளுங்க மாமா." கருவியிலிருந்து மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் சொருகினான். தாடையைத் தடவி ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் இருந்தான். அப்புறம் ஒரே ஒரு வரி தட்டினான். கார்டைத் திருப்பிப் போட்டு பொத்தானை அழுத்தியதும், 'டிங்டிடிங்' என்று கிளம்பியது பழைய இசை. அக்கா கொண்டுவந்த காபி இன்னும் ஆறக்கூட இல்லை.

சர்வேயர் மைத்துனனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "கைராசிக்காரன்டா நீ. நான் மாசக்கணக்கா முட்டி மோதறேன், நீ கை வெச்ச உடனே எப்படித்தான் கண்டுபிடிக்கறியோ. போன தடவையும் இதே மாதிரிதான்."

"ஒரு ஃபைலோட பேரு மாறியிருந்தது மாமா. அதைத் தேடிக் காணாம லினக்ஸ் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னிருக்கு."

"பேரு எப்படிடா தானா மாறும்?"

"பழைய கார்டுதானே மாமா" என்ற தம்பி, காபியைப் பார்த்துக்கொண்டு குடித்தான்.

சர்வேயர் விளையாட ஆரம்பித்தார். முதல் கட்டத்தில் ஒரு பள்ளம் தாண்டினார், ஒரு பாம்பை மிதித்தார். தம்பி விடைபெற்றுக் கிளம்புவதற்குள் கருவியை மேஜையில் வைத்துவிட்டு அண்ணாந்து எதையோ காதுகொடுத்துக் கேட்டார். கடைசிக் கட்டத்தை மறந்தே போயிருந்தார்.

"வாஷிங் மெஷின் சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

"அது எப்பவும் போடற சத்தம்தாங்க" என்றாள் மனைவி அவசரமாக.

"இல்லை, உள்ளே ஏதோ உரசுது. லீவு நாள்தானே, பிரிச்சுப் பார்த்துடலாம்."

மனைவியின் முகம் வெளிறிப்போனது. "முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று துண்டை அவர் தோளில் போட்டு அனுப்பிவைத்தாள்.

தெருவில் வண்டியைக் கிளப்பப்போன தம்பிக்கு போன் வந்தது. அக்காவின் குரல் கிசுகிசுத்தது.

"டேய், குளிச்சிட்டு வெளியே வந்ததும் வாஷிங் மெஷினைப் பிரிக்கப்போறாராம். வாசல் மணியும் இஸ்திரிப் பெட்டியும் அவர் கைபட்டு உருப்படாமப் போனது போதாதா? பரண்ல போடறேன்னு சொன்னப்பவே, இனி வீட்டுச் சாமானைத்தான் பிரிப்பாருன்னு பயந்துட்டேன். கார்டை லேப்டாப்ல சொருகிட்டேன். அவர் ஏத்த ஏத்த, போன மாசம் நீ சொன்ன ஃபைல் பேரையே மாத்திக்கிட்டு வந்தேன்; இந்தத் தடவை எதை மாத்தட்டும்? கொஞ்சம் சுலபமானதாச் சொல்லுடா, பாவம், மனுஷன் இன்னிக்குக் கண்கலங்கிட்டாரு."