டென்சில் தூக்கிவந்த முள்ளெலி

"ரிசல்ட் இன்னும் வரலைன்னு சொல்லிடுங்க டாக்டர்" என்றான் ராகேஷ், அறைக் கதவைச் சாத்திக்கொண்டே.

"காலையிலேயே வந்துடுச்சே?"

"அது நமக்குத் தெரியும். கேட்ல நிக்கிற அந்தம்மாவுக்குத் தெரியாதில்ல?"

சுப்ரியா ஜன்னல் வழியே பார்த்தாள். அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த மையத்தில் அவள்தான் டாக்டர். ராகேஷ் மேனேஜர். வெளியே கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவள் ஐரின். நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டும் டென்சிலின் மனைவி.

டென்சிலை சுப்ரியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மழை கொட்டித் தீர்த்த ஒரு சாயங்காலம், ஈஜிபுரா பக்கம் சாக்கடை பொங்கி ரோட்டில் ஓடிய தண்ணீரில் ஒரு முள்ளெலி தத்தளித்திருக்கிறது. எந்த லாரியில் ஏறி வந்ததோ, பெங்களூரில் அதைப் பார்ப்பதே அபூர்வம். நாய்கள் சூழ்ந்துகொள்ள, டென்சில் ஆட்டோவை நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் அதை அள்ளி எடுத்திருக்கிறான்.

காக்கிச் சட்டையில் சுருட்டி இங்கே கொண்டுவந்து கொடுத்தபோது உள்ளங்கையெல்லாம் முள் குத்தி ரத்தம்.

"பந்து மாதிரி சுருண்டுக்கிச்சு மேடம். பயந்துபோயிருக்கு பாவம்" என்று சிரித்தான்.

அந்த டென்சில் இப்போது ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் கிடக்கிறான். விடாத காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள் என்று கேட்டிலிருந்தே கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள் ஐரின். முள்ளெலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருப்பதாக லேபிலிருந்து வந்த தகவல் சுப்ரியாவின் மேஜையில் இருந்தது.

"நாமளா இதைச் சொன்னா அவ்ளோதான் டாக்டர். நீங்க வச்சிருக்கிற மிருகத்தாலதான் வந்துச்சும்பாங்க. டிவிக்காரங்களைக் கூட்டிட்டு வருவாங்க. அப்புறம் இந்த இடத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். இங்க இருக்கிற மத்த ஜீவனுங்களோட கதி என்ன? யோசிச்சுப் பாருங்க."

சுப்ரியா எழுந்து வெளியே போனாள்.

"டாக்டரம்மா, அதுக்கு என்ன சீக்குன்னு சொல்லுங்க!" ஐரினின் குரல் உடைந்தது. "டெங்குங்கறாங்க, மஞ்சக்காமாலைங்கறாங்க, ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. ஏதாவது மிருகத்தைத் தொட்டாராம்மான்னு பெரிய டாக்டர் இப்பத்தான் கேட்டாரு. அப்படியே இங்க ஓடி வந்துட்டேன்."

"அந்த டாக்டருக்கு ஃபோன் போட்டு என்கிட்ட கொடுங்க."

ஐரின் நம்பரைத் தேடி, போட்டுக் கொடுத்தாள். பின்னாலேயே வந்து நின்ற ராகேஷ், வேண்டாம் என்று கையை ஆட்டினான். சுப்ரியா அவன் பக்கம் திரும்பவில்லை.

"டாக்டர், டென்சில் தூக்கிட்டு வந்த முள்ளெலிக்கு எலிக்காய்ச்சல் பாசிட்டிவ். அவர் கையில காயம் இருந்துச்சு, சாக்கடைத் தண்ணியிலயும் நின்னிருக்கார். எதுலேருந்து ஒட்டிக்கிச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகப்படறதுக்கு இது போதும்."

"தாராளமா போதும் மேடம். இப்பவே அதுக்கான மருந்தை ஆரம்பிச்சிடறோம்."

ஐரின் சுப்ரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். திரும்பி பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினாள்.

"பெரிய தப்பு பண்ணிட்டீங்க" என்றான் ராகேஷ். அதற்கப்புறம் பல நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள் அவனே மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

"வந்துட்டாங்க டாக்டர்! புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும். நான்தான் அப்பவே சொன்னேனே!"

டென்சில் பாதியாக இளைத்திருந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஐரினின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அந்த முள்ளெலி இன்னும் இருக்கா?"

வணக்கம்கூடச் சொல்லாமல் அவன் அப்படிக் கேட்டதும் ராகேஷ் முந்திக்கொண்டான்.

"உங்க கோபம் நியாயம்தான் சார். உங்களை இந்தப் பாடு படுத்தினதை இன்னும் வச்சிருக்கவே கூடாது. ஒரே ஊசிதான். இன்னிக்கே முடிச்சிடறோம். நீங்க பெருசு பண்ணாதீங்க."

சுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ராகேஷ், என்ன பேசறீங்க?"

டென்சில் அவனை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மேடம், அதுக்கு மருந்து கொடுத்தீங்களா?"

"கொடுத்தோம். இப்ப நல்லா சாப்பிடுது. தனிக்கூண்டுல வச்சிருக்கோம். கிளவுஸ் போடாம யாரும் தொடறதில்லை. மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு, ஃபாரஸ்ட்காரங்க சொல்ற இடத்துல விட்டுடுவோம்."

டென்சில் பெருமூச்சு விட்டபடி பெஞ்சில் உட்கார்ந்தான். அப்போதுதான் சுப்ரியாவுக்கு அந்தப் பழைய டென்சில் தெரிந்தான்.

"ஐ.சி.யு.வில கண்ணு முழிச்சதும் இதைத்தான் கேட்டாரு மேடம்" என்றாள் ஐரின், சலிப்பும் சிரிப்புமாக. "நான் சாப்பிட்டேனா, தூங்கினேனான்னு ஒரு வார்த்தை இல்ல. நேர்ல போய்ப் பார்த்தாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம்."

ராகேஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இல்ல சார்... நீங்க கோபமா வந்திருக்கீங்கன்னு நினைச்சுதான் நான்..."

டென்சில் அவனை நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"எனக்கும் அதே சீக்குதான் சார் வந்துச்சு. ஆஸ்பத்திரியில யாரும் என்னை ஒரு ஊசியில முடிச்சிடலாம்னு சொல்லலையே."