நிலாவில் ஏறும் ஆள்

பௌர்ணமி கழிந்து நான்கு நாட்களுக்கு, காலை நிலாவைப் படமெடுத்து வரும்படி பிரின்சியின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால், மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் புகைபோக்கிக்குப் பின்னால்தான் நிலா இறங்கும். நைட் ஷிப்ட் முடித்து வரும் அவள் அப்பா எட்வின், பள்ளியில் கொடுத்தனுப்பிய டெலஸ்கோப்பை நிலாவை நோக்கித் திருப்பி வைப்பான். அவள் அதில் செல்போனை ஒட்டிப் பிடித்து எடுப்பாள்.

மூன்றாம் நாள் எல்லாப் படங்களையும் அவனிடம் காட்டினாள்.

"இன்னா நைனா, இந்த ஆளு தெனமும் கொஞ்சம் மேல ஏறிக்கினு இருக்காரு?"

அந்த டெலஸ்கோப்பில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். படத்தில் புகைபோக்கியும் அப்படித்தான் இருந்தது. அதன் பக்கத்தில், நிலா வட்டத்தின் மேல் கருப்பாகத் தெரிந்த ஒரு ஆள் மட்டும் நேராக இருந்தான். எட்வின் செல்போனைத் தலைகீழாகப் பிடித்தான். புகைபோக்கி நிமிர்ந்தது. ஆள் தலைகுப்புற, நாளுக்கு நாள் தரையை நெருங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன், எட்வினோடு அங்கே வேலை பார்த்த மோசஸ் அந்தப் புகைபோக்கியிலிருந்துதான் விழுந்து செத்தான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே பிடித்திருந்தவன் எட்வின். கயிறு வழுக்கிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னான். உள்ளங்கை எரிந்ததால் தானே விட்டுவிட்டது அவனுக்கு மட்டும் தெரியும்.

நான்காம் நாள் பிரின்சி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

"இன்னிக்கி நவுரல நைனா. நேத்து இருந்த எடத்துலயே இருக்காரு. இடுப்புல கயிறு கட்டிக்கினு இருக்காரு."

பின்னால் நின்ற எட்வினின் உள்ளங்கைகள் எரிய ஆரம்பித்தன. கயிற்றைப் பிடிப்பதுபோல் இரண்டையும் இறுக மூடிக்கொண்டான்.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

"கேட்டு கதவ தொற நைனா, வேன் வந்துடுச்சி."

அவன் மூடிய கைகளைத் திறக்கவில்லை.