விரல்களுக்கு நடுவே

விளக்கணைத்த ஸ்கேன் அறையில் திரை மட்டும் சாம்பலாய் மினுங்குகிறது. டாக்டரம்மா கருவியை அவள் வயிற்றில் அழுத்தி நகர்த்துகிறார். பக்கத்தில் நிற்கும் கணவன் இடது கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருக்கிறான். அதில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒட்டியவை. "விரலெல்லாம் தனித்தனியாத்தானே இருக்கு, டாக்டர்?" என்கிறான். "புள்ள கையைத் திறக்கவே மாட்டேங்குதே," என்கிறார் டாக்டரம்மா. "அப்பா மாதிரியே ஒளிச்சு வச்சுக்குது போல," என்று அவள் சிரிக்கப் பார்க்கிறாள். செல்களை ஆராயும் அவள் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவது இதைத்தான்: எல்லா செல்லுக்குள்ளும் 'செத்துப்போ' என்றொரு கட்டளை இருக்கிறது, டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டின் என்னும் நூல்கண்டு அதை யாரும் படிக்காதபடி இறுகச் சுற்றி வைத்திருக்கிறது. துடுப்பு போல முளைக்கும் பிஞ்சுக் கையில், விரலுக்கு விரல் நடுவே மட்டும் அந்தச் சுற்று நெகிழ்கிறது. அங்குள்ள செல்கள் கட்டளையைப் படித்துச் சத்தமில்லாமல் சாகின்றன, விரல்கள் பிரிகின்றன. கரைத்துக் குடித்த பாடம்தான். ஆனாலும் திரையில் அந்த முஷ்டி மெல்ல விரிந்து, விரல்களுக்கு நடுவே கறுப்புக் கீற்றுகள் தெரியும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. "எல்லாம் தனித்தனியா இருக்கு," என்கிறார் டாக்டரம்மா. பைக்குள் இருந்த கை தானாக வெளியே வந்து அவள் கையைப் பற்றுகிறது. ஒட்டிய இரு விரல்களுக்கு நடுவே சாகாமல் தங்கிப்போன அந்தத் துளிச் சதை அவள் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருக்கிறது.