கையெழுத்தில்லாத படம்

கொழும்பு வெள்ளவத்தைக் கடலோரமாய்ப் போகும் ரயில் அந்தப் பழைய வீட்டின் ஜன்னல்களை ஒருமுறை அதிரவைத்துவிட்டுப் போகிறது. காலஞ்சென்ற ஓவியர் கதிர்காமநாதனின் வீட்டில் இன்று அவருடைய படங்களின் கண்காட்சி. கூடத்தில் நாற்பது படங்கள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் சிவப்பில் அவர் கையெழுத்து. ஒரு சட்டத்துக்குள் மட்டும் படம் இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் வீடுகளோடு கொளுத்தப்பட்ட இந்த வீட்டுச் சுவரின் கரி அதற்குள் அப்படியே இருக்கிறது. இரத்மலானை அகதி முகாமிலிருந்து திரும்பியவர், அந்தக் கரியைச் சுற்றித் தேக்குச் சட்டம் அடித்தார். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க வந்தவர்களைச் சட்டத்துக்குள் பிரஷ் வைக்க அவர் விட்டதேயில்லை. காலை வெயில் இப்போது அதன் மேல் விழுகிறது, கரி மினுங்குகிறது. கண்காட்சியை ஒழுங்குசெய்த ஹரிசன் வெள்ளைத் துணியோடு நிற்கிறான். “அக்கா, திறந்துவைக்க அரசாங்கத்துப் பெரிய ஆக்கள் வருகினம். இதை மட்டும் மூடிவிடுவமே?” ஓவியரின் மகள் சுகிர்தா துணியை வாங்குகிறாள், நாலாக மடிக்கிறாள், கரிச் சுவருக்கு முன்னால் கிடக்கும் கதிரையில் போட்டு அதன் மேல் இருந்துகொள்கிறாள். “இதுக்கும் ஒரு பெயரட்டை எழுதும். சுவரில் கரி, எண்பத்து மூண்டு.” வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்கிறது. ஹரிசன் அவசரமாக எழுதுகிறான். “வரைஞ்சது அங்கிள் எண்டு போடவோ?” சுகிர்தா எழும்பவில்லை. “அப்பா செய்யாததுக்கு அப்பாவின்ரை பேர் என்னத்துக்கு? அந்த இடத்தை வெறுமையா விடும். வாற ஆக்கள் நிரப்பட்டும்.”